பல்கலைக்கழக நிலத்தில் ஒரு வலைமனை

ஒருவர் தாம் எழுதியதைப் பலரும் அறிய வெளியிடுவதென்றால், நெடுங்காலமாக மூன்று வாயில்களைக் கடக்க வேண்டியிருந்தது. அச்சகத்தாருக்குக் கொடுக்கும் பணம் முதலாவது வாயில். பதிப்பாசிரியரின் இசைவு இரண்டாவது. அச்சிட்டதை வாசிப்போர் கைகளிற் சேர்க்கும் வழி மூன்றாவது. இவற்றைக் கடக்க இயலாதோரின் எழுத்துக்கள் கொப்பிகளிலேயே கிடந்து, பெட்டகத்தில் உறங்கி, கறையானுக்கு இரையாயின. 1990களின் முற்பகுதியில் உலகின் சில பல்கலைக்கழகங்களில் இந்நிலை ஆரவாரமின்றி மாறத் தொடங்கியது. பதினெட்டு வயது நிரம்பிய மாணவர் ஒருவருக்கு, நூலக அட்டையும் விடுதி அறைத் திறப்பும் வழங்கப்பட்டதுபோல, இணையத்திற் சிறிதளவு இடமும் வழங்கப்பட்டது. அவ்விடத்தில் அவர் எழுதி வைத்ததை, இணைய வசதியுள்ள எந்த நாட்டினரும் அன்றே வாசிக்கலாம் என்னும் நிலை உண்டாயிற்று.

அவ்விடத்தைப் பெற்றவர்கள் அதனைக்கொண்டு யாது செய்தனர், அதனால் விளைந்த நன்மை யாது, அதனை விட்டுப் போகும்போது நேர்ந்தது யாது என்பவற்றை எண்ணிப் பார்ப்பது இன்றும் பயனுடையதாகும். ஏனெனில், அவ்விடம் விலையின்றிக் கிடைத்ததேயன்றி, உரிமையாகக் கிடைத்ததன்று. குடியிருப்பதற்கு மட்டுமே கிடைத்தது. இவ்வேறுபாட்டை எண்ணாதிருந்தவர்கள் பலர், பல ஆண்டுகளாகச் சேர்த்த உழைப்பை ஒரே நாளில் இழந்தனர்.

இணையத்தில் நாம் காணும் வலைப்பக்கம் என்பது வாணிபத் தெருவிற் பிறந்ததன்று. ஆராய்ச்சிக் கூடமொன்றிற் பிறந்தது. சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அண்மையில் உள்ள சேர்ன் என்னும் அணுத்துகள் ஆராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்த ரிம் பேர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர், 1989ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு திட்டத்தைத் தம் மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தார். பல நாடுகளிலிருந்து வந்து சில ஆண்டுகள் பணியாற்றிப் போய்விடும் விஞ்ஞானிகளின் குறிப்புக்கள் அவர்களோடு மறைந்து போகாதிருக்க வழி காண்பதே அதன் நோக்கமாகும். ஒரு கணினியில் உள்ள எழுத்திலிருந்து வேறொரு கணினியில் உள்ள எழுத்துக்கு இணைப்புக் கொடுக்கலாம் என்பதே அவர் கண்ட வழி. 1990ஆம் ஆண்டின் இறுதியில் முதலாவது வலைப்பக்கம் அந்நிலையத்தில் இயங்கியது. 1993ஆம் ஆண்டு ஏப்ரில் 30ஆம் நாள், இதற்கான மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று சேர்ன் நிலையம் எழுத்திற் கொடுத்தது. அதன் பின்னரே வலை உலகெங்கும் விரைந்து பரவியது.

அக்காலத்திற் பல்கலைக்கழகங்களே இதற்கு ஏற்ற நிலமாக அமைந்தமைக்குக் காரணம் உண்டு. வலைப்பக்கமொன்றை உலகுக்குக் காட்ட வேண்டுமாயின், இரவும் பகலும் நிறுத்தாது இயங்கும் கணினி ஒன்று வேண்டும். அக்கணினிக்கு அறாத இணைய இணைப்பும் வேண்டும். வழங்கி என்று நாம் இன்று அழைக்கும் இத்தகைய கணினி, தனியார் வீடுகளில் அன்று இருக்கவில்லை. தொலைபேசிக் கம்பி வழியாகச் சிறிது நேரம் இணைந்து, பின்னர் துண்டித்துக்கொள்வதே அவர்களால் முடிந்தது. பல்கலைக்கழகங்களிலோ இவ்விரண்டும் முன்னரே இருந்தன. மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் கணக்குகளும் இருந்தன. எனவே புதிய வசதிக்குப் புதிய கட்டடம் எழுப்ப வேண்டியிருக்கவில்லை; இருந்த வீட்டுக்கு ஒரு திண்ணை கட்டினாற் போதியதாயிற்று.

திண்ணை என்னும் உவமை இங்கே மிகப் பொருந்தும். பல்கலைக்கழகக் கணினிகள் பெரும்பாலும் யுனிக்ஸ் என்னும் முறைமையில் இயங்கின. அம்முறைமையில் ஒவ்வொரு பயனருக்கும் அவர் பெயரால் ஒரு கோப்புறை உண்டு. அதற்கு வீடு என்றே பெயர். அவ்வீட்டில் அவர் எழுதி வைப்பவற்றைப் பிறர் திறந்து பார்க்க அவர் இடங்கொடுத்தாலன்றி முடியாது. வலை வந்தபின், அவ்வீட்டுக்குள்ளேயே பப்ளிக் எச்.ரி.எம்.எல். என்னும் பெயருடைய கோப்புறை ஒன்றை அமைத்துக்கொள்ளும் வழக்கம் தோன்றியது. அதனுள் வைக்கப்பட்டவை மட்டும் உலகின் கண்ணுக்குத் தெரியும். ஏனையவை உள்வீட்டிலே மறைந்திருக்கும். வழிப்போக்கர் திண்ணையில் அமரலாம்; அடுக்களைக்குள் நுழைய இயலாது. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மீக்கணினி நிலையம் 1993ஆம் ஆண்டில் உருவாக்கிய வழங்கி மென்பொருளில் இவ்வேற்பாடு இருந்தது. அதன் வழித்தோன்றலாக 1995இல் வந்த அப்பாச்சி என்னும் மென்பொருளும் அதனைக் கைக்கொண்டது.

இவ்விடங்களின் முகவரிக்கும் ஓர் அடையாளம் இருந்தது. பல்கலைக்கழகத்தின் பெயருக்குப் பின் ஒரு சாய்கோடு; அதன் பின் சிற்றலைபோல் நெளிந்த ஒரு குறி; அதனையொட்டி மாணவரின் பயனர் பெயர். டில்டே எனப்படும் அந்நெளிகுறிக்கு யுனிக்ஸ் வழக்கில் இன்னாருடைய வீடு என்று பொருள். அப்பொருள் வந்த கதை சுவையானது. 1970களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் பேர்க்லி வளாகத்தில் யுனிக்ஸை வளர்த்தவர்கள் பயன்படுத்திய ஏ.டி.எம். 3ஏ என்னும் முனையத்தின் விசைப்பலகையில், வீடு என்று பொருள்படும் ஹோம் என்னும் சொல்லும் அந்நெளிகுறியும் ஒரே விசையின்மேற் பொறிக்கப்பட்டிருந்தன. அந்தத் தற்செயலான அயலுறவே பின்னர் உலகம் முழுவதிலும் மாணவர்களின் வலைமனைகளுக்கு வாசற்குறியாயிற்று.

பக்கத்தை அமைக்கும் வேலையும் கடினமானதன்று. எச்.ரி.எம்.எல். என்பது வெறும் எழுத்துக்களாலான ஒரு குறிமுறை. இது தலைப்பு, இது பந்தி, இது இணைப்பு என்று ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் கோண அடைப்புக்குள் சிறு குறிகளை இட்டு எழுதுவதே அம்முறை. சாதாரண எழுத்துக் கோப்பாக அதனை எழுதி, இன்டெக்ஸ் என்னும் பெயரிட்டு, அந்தத் திண்ணைக் கோப்புறையில் வைத்தால், முகவரியைத் தேடி வருவோர்க்கு அப்பக்கமே முதலிற் காட்சி தரும். புதியவர் பெரும்பாலும் இடறி விழும் இடம் ஒன்றே. கோப்பை உரிய இடத்தில் வைத்துவிட்டுப் பிறர் வாசிப்பதற்கான அனுமதியைக் கொடுக்க மறந்துவிடுவர். அப்பொழுது வருவோர்க்கு 403 என்னும் இலக்கத்தோடு தடை என்னும் அறிவித்தல் தோன்றும். கோப்பின் பெயரைப் பிழைபட எழுதினால் 404 என்னும் இலக்கத்தோடு காணப்படவில்லை என்னும் அறிவித்தல் தோன்றும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் யுனிக்ஸ் முறைமைக்கு வெவ்வேறு எழுத்துக்கள். ஆகவே பெயர்களை எல்லாம் சிறிய எழுத்திலேயே இடுவது நல்வழக்கம். கோப்புக்களை அனுப்பும்போது கடவுச்சொல்லை மறைத்து அனுப்பும் பாதுகாப்பான வழியையே இன்று பல்கலைக்கழகங்கள் வற்புறுத்துகின்றன.

இத்துணை எளிய கருவியைக் கொண்டு இளைஞர்கள் செய்தவை வியப்புக்குரியன. மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1993ஆம் ஆண்டில் வலை வழங்கியொன்றை நிறுவி, நிறுவனத்தின் பெயரோடு டபிள்யூ டபிள்யூ டபிள்யூ என்னும் முன்னொட்டை முதலிற் பெற்றவர்கள் நிருவாகத்தினர் அல்லர். மாணவர் கணினிச் சங்கத்தினர். பின்னர் நிருவாகம் தன் தளத்தை அமைக்க முற்பட்டபோது, அப்பெயர் ஏற்கெனவே மாணவர் கையில் இருந்தமையால், வேறொரு பெயரைக் கைக்கொள்ள வேண்டியதாயிற்று. பென்சில்வேனியா மாநிலத்தின் சுவாத்மோர் கல்லூரியிற் பயின்ற ஜஸ்ரின் ஹோல், 1994ஆம் ஆண்டு ஜனவரியில் கல்லூரியின் இணைய இணைப்பைக் கொண்டு தம் பக்கத்தைத் தொடங்கினார். தாம் கண்ட தளங்களைப் பட்டியலிட்டு, காலப்போக்கில் தம் வாழ்க்கையையே நாட்குறிப்பாக எழுதினார். பிற்காலத்தில் உலகெங்கும் பெருகிய வலைக்குறிப்பு எழுத்துக்கு முன்னோடிகளுள் ஒருவராக அவர் கருதப்படுகிறார்.

அதே 1994ஆம் ஆண்டில், ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் ஆய்வு மாணவர்களாக இருந்த ஜெரி யாங், டேவிட் பைலோ ஆகிய இருவரும், தமக்குப் பிடித்த வலைத்தளங்களின் பட்டியலொன்றைப் பல்கலைக்கழகக் கணினிகளில் வைத்தனர். அக்கணினிகள் இரண்டிற்கும் ஜப்பானிய சூமோ மல்லர் இருவரின் பெயர்களை இட்டிருந்தனர். பட்டியல் வளர்ந்தது, அதனை நாடி வருவோர் தொகை பெருகியது, பல்கலைக்கழகத்தின் இணைப்பு அப்பாரத்தைத் தாங்க இயலாது திணறியது. 1995ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்பட்டியல் வெளியே ஒரு நிறுவனத்தின் கணினிகளுக்கு மாற்றப்பட்டது. அதுவே யாஹூ. அதற்குச் சில ஆண்டுகளின் பின், அதே வளாகத்தில் லரி பேஜ், சேர்ஜி பிறின் என்னும் இரு மாணவர்கள் அமைத்த தேடற்பொறியும் முதலிற் பல்கலைக்கழகத்தின் முகவரியிலேயே இயங்கியது. அதன் பெயர் கூகிள்.

இவை பெருஞ்செல்வத்திற் போய் முடிந்த கதைகள். ஆயினும், பல்கலைக்கழக வலைமனையின் பயனை இவற்றால் அளப்பது பொருந்தாது. செல்வத்தை நாடாது, அறிவைப் பகிர்வதற்கென்றே அமைந்த பக்கங்களே அதன் உண்மையான விளைச்சல். கலிபோர்னியாவின் றிவர்சைட் வளாகத்தைச் சேர்ந்த கணித பௌதிக அறிஞர் ஜோன் பாயெஸ், 1993ஆம் ஆண்டு முதலாக எழுதிய வாராந்தக் குறிப்புக்களைத் தம் பல்கலைக்கழகப் பக்கத்திற் சேர்த்து வைத்தார். அவற்றை வாசித்து உயர் கணிதத்தின்பால் ஈர்க்கப்பட்டோர் பல நாடுகளிலும் உளர். கணினி இயலின் பேரறிஞர் டொனால்ட் நூத் 1990ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் முதல் மின்னஞ்சலைக் கைவிட்டவர். அவரே ஸ்ரான்போர்டில் எளிமையான ஒரு பக்கத்தை வைத்திருக்கிறார். தம் நூல்களிற் கண்ட பிழைகளின் பட்டியலை அதில் வெளியிடுகிறார். புதிய பிழையை முதலிற் காட்டுவோர்க்கு 2 டொலர் 56 சதம் வெகுமதி. நூலாசிரியர் ஒருவர் தம் நூலின் பிழைகளைத் தாமே உலகறியத் தொகுத்து வைப்பதற்கு இதனினும் ஏற்ற இடம் எது? அச்சேறிய நூலைத் திருத்துவதற்கு மறுபதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். வலைப்பக்கத்தை அன்று மாலையே திருத்திவிடலாம்.

இனி, கடமையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். மற்றவர் நிலத்திற் குடியிருப்பவர்க்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. அவ்விடத்தில் வாணிபம் செய்தல் ஆகாது என்பது ஏறத்தாழ எல்லாப் பல்கலைக்கழகங்களின் விதியுமாகும். இடத்தின் அளவுக்கும் எல்லை உண்டு. பிறருடைய நூலையோ இசையையோ படத்தையோ இசைவின்றி ஏற்றினால், முறைப்பாடு பல்கலைக்கழகத்தின் வாசலுக்கே வரும். நாட்டின் சட்டம் கணினி அறைக்குள்ளும் செல்லும் என்பதை இளையோர் மறந்துவிடுதல் கூடாது. தம் இருப்பிட முகவரி, தொலைபேசி எண், தோழரின் படம் முதலியவற்றை எண்ணாது வெளியிடுவதும் ஆபத்தானது. பிறர் வாழ்வைப் பற்றி எழுதும் பேனா, அப்பிறரிடம் ஒரு சொற் கேட்ட பின்னரே எழுதவேண்டும்.

இவற்றினும் கடினமான வினா ஒன்று உண்டு. ஒருவர் எழுதுவது சட்டத்துக்கு மாறானதன்று, ஆயினும் உண்மைக்கு மாறானது, பிறரைப் புண்படுத்துவது என்றால், இடங்கொடுத்த பல்கலைக்கழகம் யாது செய்வது? அமெரிக்காவின் நோர்த்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்தில் 1990களின் நடுப்பகுதியில் இவ்வினா எழுந்தது. அங்கே மின்பொறியியல் கற்பித்த பேராசிரியர் ஒருவர், இரண்டாம் உலகப் போரில் நாற்சிகள் யூதரைக் கொன்றொழித்தமையை மறுக்கும் தம் கருத்துக்களைப் பல்கலைக்கழகம் கொடுத்த இடத்திலேயே வெளியிட்டார். கண்டனங்கள் குவிந்தன. பல்கலைக்கழகத் தலைமை அக்கருத்துக்களை வன்மையாக மறுத்தது. எனினும் எல்லா ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பொதுவாகத் திறந்துவிட்ட இடத்திற் கருத்துக்காக ஒருவரை மட்டும் விலக்குவதில்லை என்று முடிவு செய்து, அப்பக்கத்தை விட்டுவைத்தது. இம்முடிவு சரியானதே என்பாரும், இழிவான பொய்க்குப் பல்கலைக்கழகத்தின் பெயரை இரவல் கொடுத்ததாயிற்று என்பாரும் இன்றளவும் உளர். இதிலிருந்து பெறத்தக்க பாடம் ஒன்று உண்டு. பக்கத்தின் முகவரியிற் பல்கலைக்கழகத்தின் பெயர் இருப்பதனாலேயே பக்கத்திலுள்ள கூற்று உண்மையாகிவிடாது. வாசிப்பவர், எழுதியவர் யார், அவர் எத்துறை அறிந்தவர், சான்று யாது என்று கேட்கவேண்டும். எழுதுபவரும், இது என் சொந்தக் கருத்து என்பதைத் தெளிவாகக் குறிப்பிடவேண்டும்.

இவ்வளவும் குடியிருக்கும் காலத்துச் செய்தி. குடிபெயரும் காலத்துச் செய்தியே மனத்தை வருத்துவது. மாணவர் பட்டம் பெற்று வெளியேறுகிறார். சில மாதங்களில் அவருடைய கணக்கு மூடப்படுகிறது. கணக்கோடு வீடும் போகிறது, வீட்டோடு திண்ணையும் போகிறது. நான்கு ஆண்டுகள் அவர் அரிதின் முயன்று தொகுத்த பட்டியல்கள், மொழிபெயர்த்த கட்டுரைகள், வரைந்த படங்கள் யாவும் அழிகின்றன. அவற்றைச் சான்றாகக் காட்டிப் பிறர் எழுதிய பக்கங்களில் உள்ள இணைப்புக்கள் அனைத்தும் 404 என்னும் வெறுஞ்சுவரிற் போய் முட்டுகின்றன. அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, 2013ஆம் ஆண்டில் வலையில் இருந்த பக்கங்களுள் நூற்றுக்கு 38 பக்கங்கள் பத்தாண்டுகளின் பின் கிடைக்கவில்லை. அச்சுநூல் ஒன்று பத்தாண்டில் மறைவதில்லை. ஏதோவொரு நூலகத்தின் மூலையிலேனும் ஒரு பிரதி கிடக்கும். வலைப்பக்கத்துக்கோ ஒரே பிரதி; அதுவும் அயலார் வீட்டில்.

தனியார் நிறுவனங்கள் கொடுத்த இலவச இடங்கள் இதனினும் உறுதியானவை என்று எண்ணிவிடலாகாது. பல்கலைக்கழக வசதி இல்லாதோர்க்கு 1990களின் நடுவிலிருந்து இடங்கொடுத்த ஜியோசிற்றீஸ் என்னும் தளத்தை 1999இல் யாஹூ நிறுவனம் விலைக்கு வாங்கியது. 2009ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் அதனை மூடியது. எண்ணற்ற சாதாரண மக்களின் பக்கங்கள் அதனோடு மறைந்தன. தொண்டர் சிலர் விரைந்து பிரதி எடுத்தமையால் ஒரு பகுதி தப்பியது. பல்கலைக்கழகம் கொடுத்த இலவச இடத்தில் முளைத்து வளர்ந்த ஒரு நிறுவனமே மற்றவர்களின் இலவச இடத்தை மூடிவிட்டமை எண்ணுதற்குரியது. ஏன், சேர்ன் நிலையத்திலிருந்த உலகின் முதலாவது வலைத்தளமே இடைக்காலத்தில் அதன் முகவரியில் இல்லாது போய், 2013ஆம் ஆண்டிலேயே மீண்டும் அமைக்கப்பட்டது. வலையைக் கண்ட பேர்னர்ஸ் லீ 1998இல் எழுதிய குறிப்பொன்றில், நல்ல முகவரி மாறாதிருக்கும் என்று வற்புறுத்தியமை இக்காரணம் பற்றியே.

இந்நோய்க்கு மருந்து இல்லாமலில்லை. சில இடங்களில் மாணவர்களே பொறுப்பேற்று இச்சேவையை நடத்துகிறார்கள். பேர்க்லி வளாகத்தில் 1989ஆம் ஆண்டில் மாணவர் தொடங்கிய திறந்த கணினி நிலையமும், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1999ஆம் ஆண்டில் மாணவர் தொடங்கிய கணினிச் சேவையும் இதற்கு எடுத்துக்காட்டுக்கள். ஒவ்வோராண்டும் மூத்தோர் இளையோர்க்கு வேலையைக் கற்பித்துக் கையளித்துச் செல்வதனால், அங்கே வலைமனையோடு வழங்கியைப் பேணும் கல்வியும் வளர்கிறது.

வேர்ஜீனியா மாநிலத்தின் மேரி வோஷிங்டன் பல்கலைக்கழகம் வேறொரு வழியைக் கண்டது. அங்கே 2013ஆம் ஆண்டு முதல் மாணவர் ஒவ்வொருவரும் தாம் விரும்பிய பெயரிலேயே தனி முகவரியும் இடமும் பெறும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு, சொந்தமாக ஒரு முகவரி என்று பொருள்படும் பெயரை இட்டனர். எழுதும் பெண்ணுக்குச் சொந்தமாக ஓர் அறை வேண்டும் என்று வாதிட்டு வேர்ஜீனியா வூல்வ் 1929இல் வெளியிட்ட நூலின் பெயரைத் தழுவியது அது. நெளிகுறி இட்ட பழைய முகவரிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பழையதிற் பெயரின் முற்பகுதி பல்கலைக்கழகத்துக்குரியது. ஆதலால் மாணவர் வெளியேறும்போது அதனைக் கொண்டுபோக இயலாது. புதியதில் முகவரி மாணவருக்குரியது. படிப்பு முடிந்தபின் தம் செலவிற் பேணிக்கொண்டால், எழுதியவை யாவும் அதே முகவரியில் அவரோடு செல்லும்.

ஆசிரியர் மறைந்த பின்னரும் அவருடைய எழுத்தைக் காத்த பல்கலைக்கழகமும் உண்டு. ஒல்லாந்து நாட்டுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 2002ஆம் ஆண்டில் மறைந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட குறிப்புக்களைப் பெரும்பாலும் மைப்பேனாவால் எழுதி நண்பர்க்கு அனுப்பி வந்தவர் அவர். அக்குறிப்புக்களை அவர் பணியாற்றிய ரெக்சாஸ் பல்கலைக்கழகம் ஒஸ்ரின் நகரிலிருந்து வலையில் வைத்துப் பேணி வருகிறது. கையெழுத்தை விரும்பிய ஒருவரின் தாள்கள் கணினி வழியாக வாழ்கின்றன. கணினியிலேயே எழுதிய எத்தனையோ மாணவரின் பக்கங்கள் அழிந்துவிட்டன. பேணுவதற்கு ஒருவர் முன்வருகிறாரா என்பதே இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு.

தமிழருக்கும் இவ்வரலாற்றிற் பங்கு உண்டு. தமிழ் இணையத்தில் ஏறியதே பெரும்பாலும் பல்கலைக்கழகங்களைச் சார்ந்தோரின் முயற்சியாலாகும். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் அந்நாட்டின் நான்கு மொழிகளிலும் வலையில் வெளியிடப்பட்டபோது தமிழும் இடம்பெற்றது. தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர்களைப் பயிற்றிவந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வாளர்களோடு சேர்ந்து உழைத்ததன் பயன் அது. ஜேர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் இருந்தோரும் அமெரிக்காவின் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் இருந்தோரும் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியை வலையில் ஏற்றினர். சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் இரசாயனவியல் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த கு. கல்யாணசுந்தரம், 1998ஆம் ஆண்டுத் தைப்பொங்கல் முதலாகத் தொண்டர்களைச் சேர்த்து மதுரைத் திட்டத்தின் வாயிலாகத் தமிழ் நூல்களை ஏற்றி வந்தார்.

அக்காலத்துத் தமிழ்ப் பக்கங்களுக்கு மற்றொரு தொல்லையும் இருந்தது. ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துருவைக் கொண்டு எழுதினர். அவ்வெழுத்துரு கணினியில் இல்லாதவர்க்கு அப்பக்கம் பொருளற்ற குறிகளின் குவியலாகவே தோன்றியது. ஆகவே, தமிழ்ப் பக்கம் ஒன்று இருமுறை இறக்கக்கூடும்: முகவரி அழிந்தால் ஒருமுறை, எழுத்துரு மறைந்தால் மற்றொரு முறை. இன்று ஒருங்குறி என்னும் பொதுமுறை இரண்டாவது இடரை நீக்கிவிட்டது. முதலாவது இடர் அப்படியே இருக்கிறது.

இலங்கையிலும் இணையம் பல்கலைக்கழக வாசல் வழியாகவே வந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று வகுத்த கல்வி, ஆய்வு வலையமைப்பு 1990களின் தொடக்கத்தில் மின்னஞ்சலை அளித்தது. பின்னர் 1995ஆம் ஆண்டளவில் கொழும்பு, மொறட்டுவை, திறந்த பல்கலைக்கழகம் ஆகியவை இணைக்கப்பட்டன. வசதி முதலிற் கிடைத்த இடத்திற் பொறுப்பும் முதலிற் பிறத்தல் வேண்டும்.

இன்று பல பல்கலைக்கழகங்கள் மாணவர்க்குத் தனி வலையிடம் கொடுக்கும் வழக்கத்தைக் கைவிட்டு வருகின்றன. சமூக ஊடகங்கள் இருக்கையில் இது எதற்கு என்பது அவர்கள் வினா. ஆனால் அங்கே எழுதுவோர் பக்கத்தின் அமைப்பைத் தாமே வகுப்பதில்லை. எழுதியது எவர் கண்ணிற் படவேண்டும் என்பதையும் தாமே முடிவு செய்வதில்லை. பக்கத்திற்கு அயலிலே விளம்பரம் வந்து அமர்வதைத் தடுக்கவும் இயலாது. அன்றியும், நேற்று எழுதியது இன்று கீழே அமிழ்ந்து விடுகிறது. ஆண்டுக்கணக்காகத் திருத்தித் திருத்திச் செப்பஞ்செய்யத்தக்க ஆக்கத்துக்கு அது ஏற்ற இடமன்று. தம் ஊரின் குளங்களின் பெயர்களையும் வாய்க்கால்களின் பெயர்களையும் தொகுக்கும் மாணவர்க்கும், பாட்டியின் வாயிலுள்ள தாலாட்டுக்களை எழுதி வைக்கும் மாணவிக்கும் வேண்டியது நிலையான ஒரு பக்கம்.

ஆகவே, பல்கலைக்கழகங்களிடம் வேண்டத்தக்கவை மூன்று. இடங்கொடுப்பது முதலாவது. மாணவர் வெளியேறும் முன் போதிய காலத்துக்கு அறிவித்து, எழுதியவை அனைத்தையும் ஒரே கட்டாக எடுத்துச் செல்ல வழிசெய்வது இரண்டாவது. பழைய முகவரிக்கு வருவோரைப் புதிய முகவரிக்கு ஆற்றுப்படுத்தும் ஒரு வரியைச் சில ஆண்டுகளேனும் விட்டுவைப்பது மூன்றாவது. இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதன்று.

மாணவர் செய்யத்தக்கவையும் மூன்று. எழுதும் ஒவ்வொன்றின் பிரதியையும் தம் கையில் வைத்திருத்தல் வேண்டும். பக்கத்தை எளிய முறையில், ஒருங்குறியில் அமைத்து, எழுதிய நாளையும் திருத்திய நாளையும் குறித்தல் வேண்டும். கணக்கு மூடப்படும் முன், 1996ஆம் ஆண்டிலிருந்து வலைப்பக்கங்களைச் சேமித்துவரும் இணைய ஆவணகத்திற்கு முகவரியைக் கொடுத்து ஒரு பிரதி எடுக்கச் செய்தல் வேண்டும். அதற்குச் சில நிமிடங்களே ஆகும்; கட்டணமும் இல்லை. இவ்வாண்டு பட்டம் பெற்று வெளியேறும் மாணவர் ஒருவர் நம் இல்லங்களில் இருப்பாராயின், பல்கலைக்கழகத்தில் நீ எழுதி வைத்தவற்றுக்குப் பிரதி எடுத்துவிட்டாயா என்று இன்றே அவரைக் கேட்டுவைப்பது நன்று.